போரில் சிக்கிய பிள்ளைகளும் புதுக் கண்ணாடியும்

(குழந்தைகள் நாளையொட்டிப் பெங்களூரில் நம் சங்க உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



குழந்தைகள் நாளில் போரைப் பற்றிப் பேசலாமா என்ற கேள்வி உங்களில் சிலருக்கு எழக்கூடும். பேசலாம் என்பதற்கு, யாருடைய பிறந்த நாளைக் கொண்டாடுகிறோமோ அந்த நேருவே சாட்சி. 1949-ஆம் ஆண்டு அவர் ஜப்பானியப் பிள்ளைகளுக்கு ஒரு யானையை அனுப்பி வைத்தார். நாம் பிழைக்க வந்திருக்கிறோமே இந்த மைசூர்ச் சீமை, இங்கிருந்து போன யானை அது. தம் மகளின் பெயரையே அதற்கு வைத்து, இந்திரா என்று அனுப்பினார். யானை எதற்கு? டோக்கியோ நகரத்து உயேனோ மிருகக்காட்சிச் சாலையில் முன்பு மூன்று யானைகள் இருந்தன. விமானத் தாக்குதலில் கூண்டு உடைந்தால் மிருகங்கள் ஊருக்குள் புகுந்துவிடும் என்று சொல்லி, 1943-இல் அதிகாரிகள் அவற்றைத் தீர்த்துவிட உத்தரவிட்டார்கள். யானைகளுக்குத் தீனி நிறுத்தப்பட்டது. மூன்றும் பட்டினியால் மாண்டன. போர் முடிந்தபின், யானையையே பார்த்தறியாத பிள்ளைகள் தங்களுக்கு ஒரு யானை வேண்டும் என்று நேருவுக்குக் கடிதம் எழுதினார்கள். இந்திரா அங்கே 1983 வரை வாழ்ந்தது.

போரைப் பற்றிப் பெரியவர்கள் எழுதிய புத்தகங்களில் தளபதிகள் இருப்பார்கள், கப்பல்கள் இருக்கும், உடன்படிக்கைகள் இருக்கும். பிள்ளைகளின் நினைவில் இருப்பது யானை. அந்த நினைவை எப்படிப் பாதுகாப்பது, யார் பாதுகாப்பது என்பதைத்தான் இன்று பேச விரும்புகிறோம். ஏனென்றால் அதற்கென்று இப்போது ஒரு புதுக் கலை வந்திருக்கிறது. நம் சங்கத்து இளைஞர்களில் பலருக்கு அந்தக் கலை கைவந்த தொழில். வர்ச்சுவல் ரியாலிட்டி என்கிறார்கள். தமிழில் மெய்நிகர் என்று எழுதுகிறார்கள்.

பார்த்திராத பெரியவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறோம். நீச்சல்காரர் மாட்டுவதுபோல் கண்ணை மூடிக்கட்டும் ஒரு கண்ணாடி. உள்ளே ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனிப் படம். இரண்டுக்கும் இடையே மயிரிழை வேறுபாடு. அதனால் படம் தட்டையாக இல்லாமல் ஆழத்தோடு தெரியும். தலையைத் திருப்பினால் அதை ஒரு கருவி உணர்ந்து, காட்சியையும் உடனே திருப்பிவிடும். பின்னால் திரும்பினால் பின்பக்கத்துச் சுவர், அண்ணாந்தால் வானம். இதில் இரண்டு வகை உண்டு. சுற்றிலும் கேமரா வைத்து எடுத்த படம் ஒரு வகை. அதில் உட்கார்ந்த இடத்திலிருந்து தலையைத் திருப்பிப் பார்க்கலாம், எழுந்து நடக்க முடியாது. மற்றது, ஆயிரக்கணக்கான புகைப்படங்களைச் சேர்த்துக் கம்ப்யூட்டரில் ஓர் இடத்தையே கட்டி எழுப்புவது. அதற்குள் நாலடி நடந்தும் போகலாம்.

இந்தக் கருவியின் குலம் கோத்திரமும் தெரிந்திருக்க வேண்டும். இதன் பங்காளி போன்ற ஒரு கண்ணாடியைத் தன் சிப்பாய்களுக்குச் செய்து தருமாறு 2021-இல் அமெரிக்கத் தரைப்படை மைக்ரோசாஃப்ட் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டது. பத்தாண்டுகளில் சுமார் 2,200 கோடி டாலர் வரை போகக்கூடிய ஒப்பந்தம். சுடுவதற்கும் கண்ணாடி, சுடப்பட்டவனுக்காக அழுவதற்கும் கண்ணாடி! இருக்கட்டும். கத்தி கசாப்புக் கடையிலும் இருக்கிறது, வைத்தியர் கையிலும் இருக்கிறது.

இந்தக் கலை குழந்தைகளின் பக்கம் திரும்பியபோது உலகம் முழுவதும் பேசப்பட்ட படம் ஒன்று உண்டு. சித்ராவின் மேல் மேகங்கள் என்று அதன் பெயரைத் தமிழாக்கலாம். நம் வீட்டுச் சித்ரா அல்ல, சிரியா நாட்டுச் சித்ரா, வயது பன்னிரண்டு. போருக்குத் தப்பி ஜோர்டான் நாட்டு ஸாத்தாரி முகாமுக்கு வந்து சேர்ந்தவள். 2012-இல் பாலைநிலத்தில் திறக்கப்பட்ட அந்த முகாமில், படம் எடுத்த காலத்தில் எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். ஐக்கிய நாடுகள் சபைக்காகக் கபோ அரோரா, கிரிஸ் மில்க் என்ற இருவர் எடுத்த எட்டரை நிமிடப் படம். கண்ணாடியை மாட்டினால் நீங்கள் அவள் குடும்பத்தின் நடுவே தரையில் உட்கார்ந்திருப்பீர்கள். வகுப்பறை, ரொட்டிச் சூளை, பெண் பிள்ளைகள் பந்து ஆடும் திடல் என்று அவள் பேசிக்கொண்டே கூட்டிப் போவாள்.

நல்ல படம். அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அது முதலில் எங்கே காட்டப்பட்டது? 2015 சனவரியில், சுவிட்சர்லாந்து நாட்டு டாவோஸில், உலகப் பொருளாதார மன்றத்தின் கூட்டத்தில். பெருமுதலாளிகளும், ஆயுதம் விற்கும் நாடுகளின் அமைச்சர்களும் வந்துபோகும் கூட்டம் அது. பிறகு யுனிசெஃப் அமைப்பினர் பல நாடுகளில் தெருவில் போவோரை நிறுத்தி இந்தக் கண்ணாடியை மாட்டிவிட்டு நன்கொடை கேட்டார்கள். வழக்கத்தைவிட அதிகம் பேர் கொடுத்தார்கள். கொடுத்த காசு பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்ந்தால் மகிழ்ச்சிதான். மில்க் ஒருபடி மேலே போய், மனிதருக்குள் இரக்கத்தை உண்டாக்கும் தலைசிறந்த யந்திரம் இதுவே என்ற கருத்தில் மேடையில் பேசினார்.

இங்கேதான் நாம் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. இந்த வகைப் படத்தில் கண்ணாடி மாட்டியவர் குனிந்து தம் காலைப் பார்த்தால் கால் தெரியாது. அந்த இடத்தில் அவருக்கு உடம்பில்லை. பசி இல்லை, குளிர் இல்லை, மூத்திரம் போக இருட்டில் எழுந்து நடக்கும் பயம் இல்லை. எட்டரை நிமிடத்தில் கழற்றி வைத்துவிட்டுக் காப்பி குடிக்கப் போகிறார். சித்ராவாகவே இருந்து பார்த்துவிட்டேன் என்று அவர் சொன்னால் நாம் ஒப்புக்கொள்ள முடியுமா? அவள் வீட்டுக்கு விருந்தாளியாகப் போய்வந்தேன் என்று சொல்லட்டும், ஒப்புக்கொள்வோம். விருந்தாளிக்கும் ஒரு கடமை உண்டு. அது யாருக்கும் கசக்காது.

மேலும், உயிரோடிருக்கும் பிள்ளைக்கு உதவி திரட்டுவது ஒரு வேலை. மாண்ட பிள்ளையை நினைவில் வைப்பது இன்னொரு வேலை. மாண்ட பிள்ளைக்கு உங்கள் காசு வேண்டியதில்லை. அதற்கு வேண்டியதெல்லாம், அதன் கதையைப் பொய் கலக்காமல் சொல்வது ஒன்றுதான். பொய் கலக்காமல் சொல்வது எவ்வளவு கடினம் என்பதை ஹிரோஷிமாவில் பார்க்கலாம்.

1945 ஆகஸ்ட் 6 காலையில், ஹிரோஷிமா நகரத்தில் தீத்தடுப்புக்காக வீடுகளை இடித்து வெளி உண்டாக்கும் வேலையில் பள்ளிப் பிள்ளைகளை இறக்கியிருந்தார்கள். சுமார் 8,000 பேர். பெரும்பாலும் பன்னிரண்டு, பதின்மூன்று வயது. அவர்களில் சுமார் 6,000 பேர் மாண்டார்கள். கூரை இல்லாத வெளியில் நின்றவர்கள் அவர்கள்தாம். அந்த நகரத்து அமைதி நினைவுக் காட்சியகத்தில் அப்படி மாண்ட ஒரு மாணவனின் சாப்பாட்டு டப்பா இருக்கிறது. மகனின் உடலைத் தேடிக் கண்டெடுத்த தாய், உடலோடு சேர்த்து அதையும் கண்டெடுத்தாள். திறக்கப்படாத டப்பா, உள்ளே கரியாய்ப் போன சோறு. இன்னொரு கண்ணாடிப் பேழையில் மூன்று சக்கரச் சைக்கிள் ஒன்று இருக்கிறது. ஷின்இச்சி என்ற சிறுவனுடையது. நாலு வயது நிரம்ப ஒரு மாதம் பாக்கி. வாசலில் ஓட்டிக்கொண்டிருந்தவன் அன்றிரவே இறந்தான். தனியே ஒரு கல்லறையில் விட மனம் வராத தகப்பனார், வீட்டுத் தோட்டத்திலேயே அவனைப் புதைத்து, சைக்கிளையும் கூடவே புதைத்தார். நாற்பது ஆண்டு கழித்து, 1985-இல், தோண்டி எடுத்து எலும்புகளைக் குடும்பக் கல்லறைக்கு மாற்றிவிட்டுச் சைக்கிளைக் காட்சியகத்துக்குக் கொடுத்தார்.

அதே காட்சியகத்தில் நெடுங்காலம் வேறொன்றும் இருந்தது. தோல் உரிந்து தொங்கத் தீயின் நடுவே நடந்து வரும் மனிதர்களின் பொம்மைகள், ஆள் உயரத்தில். பார்த்த பிள்ளைகள் இரவில் தூங்கமாட்டார்கள் என்று சொல்வதுண்டு. 2017-இல் அவற்றை எடுத்துவிட்டார்கள். எடுக்கக்கூடாது, எடுத்தால் கொடுமை மறந்துபோகும் என்று எதிர்ப்பும் எழுந்தது. காட்சியகத்தார் கேட்கவில்லை. பொம்மை எவ்வளவு கோரமாக இருந்தாலும் அது யாரோ செய்தது. டப்பாவும் சைக்கிளும் அப்படியல்ல. 2019-இல் புதுப்பித்துத் திறந்த கட்டடத்தில் மாண்டவர்களின் உடைமைகளுக்கும் அவர்களின் கதைக்கும்தான் முதலிடம்.

இந்த இடத்தில் நம் இளைஞர்கள் கவனிக்க வேண்டும். மெய்நிகர்க் கலை என்பது பொம்மைக் கலையின் பேரன். பொம்மை செய்தது போதும் என்று அந்த ஊரே முடிவெடுத்த பிறகு, இன்னும் பெரிய பொம்மையை, நாலு பக்கமும் சூழ்ந்துகொள்ளும் பொம்மையை நாம் ஏன் செய்ய வேண்டும்?

இதற்கு அதே ஹிரோஷிமா மாவட்டத்திலிருந்தே ஒரு பதில் கிடைக்கிறது. ஃபுகுயாமா என்ற ஊரின் தொழில்நுட்ப உயர்நிலைப் பள்ளி மாணவர்கள், பதினாறு பதினேழு வயதுப் பிள்ளைகள், தங்கள் கம்ப்யூட்டர் மன்றத்தில் இரண்டாண்டு உழைத்து ஐந்து நிமிட மெய்நிகர்ப் படம் ஒன்றை உருவாக்கினார்கள். 2018-இல் செய்தி உலகம் சுற்றியது. குண்டு விழுவதற்கு முந்தைய நகரத்தையும், விழுந்ததையும், பிந்தைய நிலத்தையும் அதில் கட்டியிருக்கிறார்கள். குண்டு வெடித்தது தரைக்கு 600 மீட்டர் மேலே. நேர் கீழே இருந்தது ஷிமா மருத்துவமனை. அந்த மருத்துவமனையின் முற்றத்துக்குள் போகலாம். மோத்தோயாசு ஆற்றங்கரையில் நடக்கலாம். தபால் நிலையத்துக்குள் நுழையலாம். இன்று பூங்காவும் புல்தரையுமாக இருக்கும் இடத்தில் கடைகளும் வீடுகளும் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன என்பதைக் கண்ணால் காணலாம்.

நம் கணிப்பில், அந்த ஐந்து நிமிடத்தின் உயிர் வெடிப்பில் இல்லை. வெடிப்புக்கு முந்தைய தபால் நிலையத்தில் இருக்கிறது. வெடிப்பை ஆயிரம் சினிமாவில் பார்த்தாகிவிட்டது. அந்தத் தபால் நிலையத்தை எங்கே போய்ப் பார்ப்பது? போரில் ஒரு பிள்ளை இழப்பது தெருவை, திண்ணையை, மூலைக்கடையை. அந்தத் தெரு இருந்த மாதிரியே கண்முன் நின்றால்தான், போனது எவ்வளவு என்று பிறருக்குப் பிடிபடும். இருப்பதைப் படம் எடுக்கக் கேமரா போதும். இல்லாமல் போனதைக் கட்டி எழுப்ப இந்தக் கருவி உதவுகிறது. இதை ஒப்புக்கொள்ள நமக்குத் தயக்கம் இல்லை.

அந்த மாணவர்கள் வேலை செய்த முறையையும் சொல்ல வேண்டும். பழைய புகைப்படங்கள், தபால் அட்டைகள் ஆகியவற்றைத் தேடிச் சேர்த்தார்கள். உயிர் பிழைத்த முதியவர்களிடம் கேட்டார்கள். கட்டிய பிறகு அதே முதியவர்களுக்குக் கண்ணாடியை மாட்டிவிட்டு, எங்கே தவறு என்று கேட்டார்கள். வெளிச்சம் சரியா என்பதுவரை அவர்கள் சொல்லித் திருத்தினார்கள். ஹிரோஷிமாவிலேயே மோத்தோமாச்சி உயர்நிலைப் பள்ளியில் 2007 முதல் இதைக் கண்ணாடி இல்லாமல், எண்ணெய் வண்ணத்தில் செய்கிறார்கள். ஒரு மாணவி ஒரு முதியவரோடு பல மாதம் உட்கார்ந்து, அவர் சிறுவயதில் கண்ட ஒரே ஒரு காட்சியை வரைவாள். தீயின் நிறம் இதல்ல என்பார் அவர். அவள் சுரண்டிவிட்டு மறுபடி வரைவாள். படம் முடியும்போது சுவரில் ஓர் ஓவியம் தொங்கும். அவருடைய நினைவைச் சுமக்க ஊரில் இன்னொரு ஆளும் இருப்பாள்.

இந்த முதியவர்களின் எண்ணிக்கை 2025-இல் ஒரு லட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. சராசரி வயது 86. அவர்களின் அமைப்பான நிஹோன் ஹிதான்க்யோவுக்கு 2024-இல் நோபல் அமைதிப் பரிசு கொடுத்தார்கள். கொடுத்தார்களே என்று மகிழ்வதா, இவ்வளவு காலம் கழித்தா என்று கேட்பதா? கருவி ஆண்டுக்கு ஆண்டு மலிவாகிக்கொண்டு வருகிறது, எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம். சொல்ல வேண்டியவர்கள் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

இன்னொருவர் கதை. போலந்து நாட்டு யூதர் பிங்கஸ் குட்டர். 1943-இல், பதினொரு வயதில், பெற்றோரோடும் தன்னோடு இரட்டையாய்ப் பிறந்த தங்கை ஸபினாவோடும் மைதானெக் கொலைமுகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார். சேர்ந்த நாளிலேயே மற்ற மூவரும் கொல்லப்பட்டார்கள். எண்பது வயதைக் கடந்தபின் அவர் அந்த முகாமுக்கு மறுபடி போனார். அதை மெய்நிகர்ப் படமாக்கி 2017-இல் வெளியிட்டார்கள். கடைசி விடைபெறல் என்று பெயர். முகாமின் கட்டடங்களைக் கல்லும் பலகையுமாக அப்படியே கட்டியிருக்கிறார்கள். அவரோடு கூட நடக்கலாம். ஆனால் குட்டருக்குத் தங்கையின் முகம் நினைவில் இல்லை. பொன்னிறச் சடை ஒன்றுதான் நினைவிருக்கிறது. இதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார்.

எந்தக் கருவி அந்த முகத்தைத் திருப்பித் தரும்? இன்றைய கம்ப்யூட்டரிடம் கேட்டால் ஒரு நொடியில் நூறு முகம் வரைந்து தரும். ஒன்றுகூட ஸபினாவின் முகமாக இருக்காது. அண்ணன் மறந்த முகத்தை அன்னியர் வரைந்து வைப்பது அவளை இரண்டாம் முறை இழப்பதாகும். சடை மட்டும் நினைவிருக்கிறது என்றால் சடையோடு நிறுத்திக்கொள்ளும் அடக்கம் இந்தக் கலைக்கு வர வேண்டும். கற்பனைக்கு இடம் உண்டு, கதையில். நினைவுச் சின்னத்தில் அதற்கு வேலை இல்லை. நம் இளைஞர்களோடு இதில் நமக்குக் கருத்து வேறுபாடு வரலாம். வந்தால் சண்டை போடத் தயாராகவே இருக்கிறோம்.

அந்த அடக்கத்துக்கு எடுத்துக்காட்டாக ஓர் இடத்தைச் சொல்லலாம். போஸ்னியா நாட்டுத் தலைநகர் சரயேவோ 1992 முதல் 1996 வரை முற்றுகையில் கிடந்தது, 1,425 நாள். அப்போது நாலு வயதுப் பிள்ளையாக இருந்த யஸ்மின்கோ ஹலிலோவிச், 2010-இல் தன் தலைமுறையினரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: போர்க்காலப் பிள்ளைப் பருவம் உனக்கு என்னவாக இருந்தது? பதில் 160 எழுத்துக்குள், ஒரு செல்போன் குறுஞ்செய்தி அளவுக்குள் அடங்க வேண்டும். ஆயிரத்துக்கு மேல் பதில்கள் வந்தன. 2013-இல் அது புத்தகமாயிற்று. 2017-இல் போர்ப் பிள்ளைப்பருவக் காட்சியகம் என்று ஒரு கட்டடமே திறந்துவிட்டார்கள். அடுத்த ஆண்டே ஐரோப்பியக் கவுன்சிலின் பரிசும் கிடைத்தது. அங்கே துப்பாக்கி இல்லை, வரைபடம் இல்லை, எவன் யாரைச் சுட்டான் என்ற வழக்கு இல்லை. ஒரு பொம்மை, ஒரு சட்டை, ஒரு நாட்குறிப்பு. பக்கத்தில் அதை வைத்திருந்தவரின் சொந்த வார்த்தை, அவ்வளவுதான். பிறகு உக்ரைன் பிள்ளைகளிடமும், லெபனானில் தஞ்சம் புகுந்த சிரியாப் பிள்ளைகளிடமும் போய்ச் சேகரித்தார்கள்.

சரி, ஜப்பானும் போஸ்னியாவும் நமக்கு எதற்கு என்பீர்கள். நம் வீட்டுக்கே வருகிறோம்.

1941 டிசம்பர் 23-ஆம் நாள் ரங்கூன் மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. அடுத்த சில மாதங்களில் பர்மாவிலிருந்து நாலைந்து லட்சம் இந்தியர்கள் தாயகம் நோக்கி ஓடிவந்தார்கள். கப்பலில் இடம் கிடைத்தவர்கள் சிலர். மற்றவர்கள் அரக்கான் வழியாகவும், தமு வழியாக மணிப்பூர் மலைகளின் மீதும் நடந்தார்கள். தமிழர், தெலுங்கர், ஒரியர், வங்காளிகள். வெள்ளையர்க்கு ஒரு பாதை, மற்றவர்க்கு ஒரு பாதை என்று மலைவழியிலும் நிறம் பார்த்த ஆட்சி அது. காலராவிலும் பசியிலும் மாண்டவர்கள் பல்லாயிரம் பேர். அத்தனை பேரோடும் பிள்ளைகள் நடந்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்குச் சைக்கிள் வைத்த கண்ணாடிப் பேழை எங்கே இருக்கிறது? அன்று எட்டு வயதில் நடந்தவருக்கு இன்று தொண்ணூறு கடந்திருக்கும். பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர்போன நம்மைப் போன்ற குடும்பங்களில்தான் அவர்கள் இருக்கிறார்கள். வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, பேரப்பிள்ளைகளுக்குப் புரியாத பர்மியச் சொல் ஒன்றை இடையிடையே சொல்லிக்கொண்டு.

அடுத்து, 1983 முதல் படகேறி ராமேசுவரம் கரையில் இறங்கிய ஈழத்துப் பிள்ளைகள். பத்து வயதில் 1990-இல் வந்தவருக்கு இன்று நாற்பத்தைந்து. முகாமிலேயே மணமுடித்து, முகாமிலேயே பிள்ளை பெற்றவர்கள் உண்டு. முகாமின் பெயரை 2021-இல் மறுவாழ்வு முகாம் என்று மாற்றியிருக்கிறார்கள். பெயர் நன்றாகத்தான் இருக்கிறது. அவர்களிடம் தலைவர்களைப் பற்றிக் கேட்டவர்கள் ஏராளம். படகில் ஏறும்போது கையில் என்ன வைத்திருந்தாய் என்று கேட்டவர்கள் எத்தனை பேர்?

எனவே சங்கத்தின் முன் நாம் வைப்பது இதுதான். நம் பிள்ளைகள் பகலெல்லாம் வெளிநாட்டுக் கம்பெனிக்குக் கட்டடமும் காரும் வரைந்து கொடுக்கிறார்கள். ஞாயிறு ஒரு பொழுதை இதற்குக் கொடுக்கட்டும். ரங்கூனில் ஒருவர் ஓடியாடிய தெருவை, அவர் சொல்லச் சொல்ல, பழைய படங்களை வைத்துக் கட்டட்டும். யாழ்ப்பாணத்து ஒரு வேலியை, ஒரு கிணற்றடியைக் கட்டட்டும். கட்டியதை முதலில் அவருக்கே மாட்டிக் காட்ட வேண்டும். வேண்டாம் என்று அவர் சொன்னதை நீக்கிவிட வேண்டும், கேள்வி கேட்காமல். அவருக்கு நினைவில்லாத முகத்தை வரையக் கூடாது. பிணத்தையும் குண்டையும் காட்டிக் கைதட்டல் வாங்கும் எண்ணம் இருந்தால் இப்போதே விலகிக்கொள்ளலாம். பேசப் பிடிக்காதவரை வற்புறுத்தவும் கூடாது. பிள்ளையாக இருந்தபோது யாரும் அவரை அனுமதி கேட்கவில்லை, இப்போதாவது கேட்போம்.

முன்வரிசைப் பிள்ளைகளுக்கு இந்தக் கண்ணாடி கிடையாது. மெட்டா கம்பெனியே பத்து வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அதை அனுமதிப்பதில்லை. சைக்கிள் ஓட்டிய ஷின்இச்சிக்கு நாலு வயதுகூட ஆகவில்லை என்பதை மட்டும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடி வாங்க இந்த ஆண்டு நிதியில் இடமில்லை என்று பொருளாளர் சொல்லிவிட்டார். அவசரமில்லை. பர்மாவிலிருந்தோ ஈழத்திலிருந்தோ பிள்ளையாக வந்தவர்கள் வீட்டில் இருப்போர், வாசலில் மேசை மேல் வைத்திருக்கும் பதிவேட்டில் தெருவும் கதவு எண்ணும் எழுதிவிட்டுப் போங்கள். வயதானவர்கள் பகலில் சற்று அயர்வார்கள். நாலு மணிக்கு மேல் வருகிறோம். இரண்டு பேராக வருவோம், ஒருவர் கேட்க, ஒருவர் எழுத. முதல் நாள் செல்போனைக்கூட வெளியே எடுக்கமாட்டோம்.